பாவ அறிக்கைக்கு எதுக்கு துள்ளல் மெட்டு? யூதப் பண்டிகை ஜெபங்கள்ல ராகம் பாக்குற வேலை

செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பம் வந்துட்டா யூதர்களோட பாவ மன்னிப்பு நாளான யோம் கிப்பூர் பத்தி செய்தி வரும், கூடவே சீர்திருத்தப் பிரிவு ஜெபக்கூடங்கள்ல இருந்து லைவ் போற வீடியோவும் வரும் (மரபுவாதிங்க அன்னிக்கு கேமராவையே தொட மாட்டாங்க). அதைப் பாக்குறவங்களுக்கு ஒரு இடத்துல குழப்பம் வந்துடுது. வெள்ளை டிரஸ்ல ஒரு கூட்டம் எழுந்து நிக்குது, முஷ்டியால நெஞ்சை மெல்லத் தட்டிக்கிட்டே "குற்றம் செஞ்சோம், துரோகம் செஞ்சோம், கொள்ளையடிச்சோம்"னு எபிரேய அகரவரிசையில பாவப் பட்டியல் போகுது, ஆனா மெட்டு என்னன்னா நடுநடுவுல "அய் யய் யய் யய்"னு ஒரு துள்ளல். பாஷை தெரியாம கேட்டா கல்யாணப் பாட்டுன்னே நினைப்போம். சாப்பாடு தண்ணி எதுவும் இல்லாம 25 மணி நேரம் விரதம் இருக்குற நாள்ல இது எப்படி?

இதுக்கு பதில் சொல்லணும்னா அந்த வழிபாடு எப்படி கட்டியிருக்காங்கன்னு கொஞ்சம் அடியில இருந்து பாக்கணும்.

முதல்ல சில வார்த்தைகள்

1. ஹஸான்: ஜெபத்தை முன்னாடி நின்னு பாடி நடத்துறவர். பூசாரி மாதிரி இடைத்தரகர் கிடையாது, கூட்டத்தோட பிரதிநிதி. பல ஊர்கள்ல பயிற்சி எடுத்த சாதாரண ஆளே இதைச் செய்வாரு.

2. நுஸாக்: எந்த நாள்ல, எந்த வேளையில, எந்த ஜெபத்தை எந்த மெட்டுப் பாணியில பாடணும்னு மரபு வச்சிருக்குற ஏற்பாடு. (ஜெபத்தோட வாசக வடிவத்துக்கும் இதே பேரைத்தான் சொல்றாங்க, அதுல வேற நிறைய பேர் குழம்புவாங்க.)

3. அஷ்கெனாசி, செபார்டி, மிஸ்ராஹி: ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பா வழி வந்தவங்க, ஸ்பெயின் வழி வந்தவங்க, அரபு நாடுகள் ஈரான் பக்கம் இருந்தவங்க. வாசகம் ஏறக்குறைய ஒண்ணுதான், மெட்டு மட்டும் ஆளுக்கு ஒண்ணு. கீழ சொல்றதுல பெரும்பகுதி அஷ்கெனாசி மரபு, வேற எங்கயாச்சும் போனா சொல்லிட்டுப் போறேன்.

இன்னொரு விஷயத்தையும் மனசுல வச்சுக்கணும். மரபுவாத ஜெபக்கூடத்துல ஓய்வுநாள் (வெள்ளி சாயங்காலம் ஆரம்பிச்சு சனி ராத்திரி வரைக்கும்), பண்டிகை அன்னிக்கு வாத்தியமே கிடையாது. கி.பி. 70-ல எருசலேம் ஆலயம் இடிஞ்ச துக்கம் ஒரு காரணம், வாசிக்கும்போது கம்பி அறுந்தா சரி பண்ணத் தோணும் அது வேலை ஆயிடும்ங்கிற சட்டம் இன்னொரு காரணம். சீர்திருத்தக்காரங்க 1810-ல ஜெர்மனியில ஸீஸன் ஊர்ல ஆர்கன் வச்சப்போ அவ்ளோ சண்டை வந்ததுக்கு இதான் பின்னணி. ஆக ஹார்மோனியம் இல்ல, மேளம் இல்ல, விளக்கு அலங்காரமும் பெருசா இல்ல, ஒரு நாளை இன்னொரு நாள்ல இருந்து வேறுபடுத்திக் காட்ட கையில இருக்குறது மனுஷக் குரல் ஒண்ணுதான்.

ஒரே காடிஷ், நாளுக்கு ஒரு மெட்டு

இதைப் புரிஞ்சுக்க சுலபமான வழி காடிஷ். அராமிக் மொழியில இருக்குற சின்ன துதி ஜெபம், "அவருடைய பெரிய நாமம் மகிமைப்படுவதாக"ங்கிற மாதிரி ஆரம்பிக்கும். செத்தவங்களுக்காகச் சொல்றதுன்னுதான் வெளியில பேரு, ஆனா அதுல சாவைப் பத்தி ஒரு வார்த்தை கூட கிடையாது. இதோட பாதி வடிவம் ஒண்ணு உண்டு, அது வழிபாட்டோட ஒரு பகுதி முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற இடத்துல வரும், ஒரு கமா மாதிரி.

இந்தப் பாதி காடிஷோட வாசகம் வருஷம் பூரா அநேகமா மாறாது. ஆனா சாதாரண செவ்வாய்க்கிழமை அதை வேகமா ஒப்பிச்சுட்டுப் போவாங்க, ஓய்வுநாள் காலையில ஒரு மெட்டு, பஸ்கா மாதிரி யாத்திரைப் பண்டிகைகளுக்கு ஒரு மெட்டு, பஸ்கா முதல் நாள் பனிக்காகவும் கூடாரப் பண்டிகை முடிவுல மழைக்காகவும் வேண்டுறதுக்கு முன்னாடி வேற ஒரு மெட்டு, யோம் கிப்பூர் பகல்ல ஒண்ணு, அன்னிக்கு சாயங்காலம் கடைசி ஜெபம் நெயிலாவுக்கு முன்னாடி இன்னொண்ணு. காலண்டர் பாக்காம, கண்ணை மூடிக்கிட்டு ஒருத்தர் உள்ள வந்து உக்காந்தாக்கூட, பழக்கப்பட்ட ஆளா இருந்தா இந்தக் காடிஷோட முதல் ரெண்டு மூணு சொல்லைக் கேட்டதுமே என்ன நாள், எந்த வேளைன்னு சொல்லிடுவாரு.

மழை ஜெபத்தைக் கவனிங்க. கூடாரப் பண்டிகை கொண்டாட்டமான பண்டிகை, அதோட முடிவுல திடீர்னு ஹஸான் யோம் கிப்பூருக்குப் போடுற வெள்ளை அங்கியைப் போட்டுக்கிட்டு வந்து நிப்பாரு, மெட்டும் கனமாயிடும். இஸ்ரேல் நிலத்துக்கு அந்த மழை வந்தாத்தான் வருஷம் ஓடும், அது தீர்ப்பு மாதிரி, அதனால தீர்ப்பு நாளோட சாயல். வானம் பாத்த பூமிக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சோக ராகம், சந்தோஷ ராகம்னு பிரிச்சா வேலைக்கு ஆகாது

மேஜர் ஸ்கேல்னா சந்தோஷம், மைனர்னா சோகம்னு ஒரு சூத்திரம் நிறைய பேர் வச்சிருக்காங்க. யூத மெட்டுகள்ல அது நிக்காது. நம்ம ஆளுங்களுக்கு ராகம் தெரிஞ்சா இதைப் பிடிக்கிறது ரொம்ப லேசு, ஸ்வர வரிசையை மட்டும் வச்சுப் பாத்தா:

1. அதோனாய் மாலாக்: ஹரிகாம்போஜி ஸ்வரங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாளை வரவேற்கிற வேதத் துதிப் பாடல்களுக்கு (பைபிள்ல சங்கீதம்னு வர்ற புஸ்தகம்).

2. மாகேன் அவோத்: நடபைரவி. வெள்ளி ராத்திரி ஜெபத்துல.

3. அஹாவா ராபா: வகுளாபரணம். சின்ன ரிஷபத்துக்கும் பெரிய காந்தாரத்துக்கும் நடுவுல அந்தப் பெரிய தாவல் இருக்கு பாருங்க, "யூத இசை"ன்னு உலகம் அடையாளம் காண்றதே அதை வச்சுதான்.

4. மி ஷெபேராக்: ஹேமவதி.

ஸ்வரம் ஒண்ணுங்கிறதுக்காக பாடினா நம்ம வகுளாபரணம் மாதிரி கேக்காது, கமகம் வேற, நடை வேற. ஆனா ஒரு விஷயம் ஒத்துப் போகுது. ராகம்னா ஆரோகணம் அவரோகணம் மட்டும் இல்ல, அதுக்குன்னு பிடிகள் இருக்கு, நிக்கிற இடம் இருக்குன்னு நமக்குத் தெரியும்ல, அதே மாதிரிதான் நுஸாக்கும். எந்த வாக்கியத்தை எந்தப் பிடியில ஆரம்பிக்கணும், ஜெபம் முடியுறப்போ எந்தப் பிடியில வந்து உக்காரணும்னு வழக்கம் இருக்கு, நடுவுல ஹஸான் தன்னிஷ்டத்துக்கு விரிச்சுப் பாடலாம்.

இப்ப மூணாவதை எடுத்துக்குங்க. ஓய்வுநாள் காலை ஜெபத்துல உருக்கமா வர்றதும் அதுதான், கல்யாணத்துல நாற்காலியைத் தூக்கிக்கிட்டு ஆடுற ஹவா நகிலாவும் அதே ஸ்வரங்கள்தான். அப்ப மனநிலையை முடிவு பண்றது ஸ்கேல் இல்ல. தாளம், வேகம், எந்தப் பிடி எந்த நாளோட ஒட்டியிருக்குங்கிற ஞாபகம், இதெல்லாம் சேந்துதான் முடிவு பண்ணுது, அதுலயும் ஞாபகத்துக்குத்தான் பெரிய பங்குன்னு எனக்குத் தோணுது. ரோஷ் ஹஷானா, அதாவது புத்தாண்டு, அன்னிக்குத்தான் உலகத்துக்கே தீர்ப்பு எழுதப்படுதுன்னு நம்பிக்கை. பயமா இருக்கணும்ல? அந்த ராத்திரி ஜெபம் ஆரம்பிக்கிறது மேஜர் ஸ்கேல்ல, நம்ம சங்கராபரணம் பக்கம், ராஜ நடையில. காரணம், அன்னிக்கு கடவுளை ராஜாவா முடிசூட்டுறாங்க. மறுநாள் காலையில ஹஸான் "ராஜா"ங்கிற ஒரே சொல்லை, அடியில முனகலா ஆரம்பிச்சு அப்படியே ஏத்தி முழங்கிட்டுத்தான் ஜெபத்துக்குள்ளயே போவாரு. ஓய்வுநாள்கள்ல அந்தச் சொல்லு சத்தமே இல்லாம கடந்து போயிடும்.

ரெண்டு விரதம், ரெண்டு உலகம்

இப்ப ஆரம்பக் கேள்விக்கு வரலாம். யூதர்களுக்கு வருஷத்துல ரெண்டு பெரிய விரதம். ஒண்ணு யோம் கிப்பூர், இன்னொண்ணு ஜூலை, ஆகஸ்ட் வாக்குல வர்ற திஷா பாவ், எருசலேம் ஆலயம் ரெண்டு தடவை இடிஞ்ச நாள். சட்டம் ஏறக்குறைய ஒண்ணேதான்: சாப்பாடு தண்ணி இல்ல, குளியல் இல்ல, தோல் செருப்பு இல்ல, தாம்பத்யம் இல்ல, சூரியன் மறையுறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு மறுநாள் இருட்டுற வரைக்கும்.

ஆனா திஷா பாவ் ராத்திரி உள்ள போனா அது சாவு வீடு. தோரா, அதாவது மோசேயோட அஞ்சு புஸ்தகம் எழுதின சுருள், வச்சிருக்குற பெட்டிக்கு முன்னாடி தொங்குற திரையைக் கழட்டியிருப்பாங்க, வெளிச்சத்தைக் குறைச்சிருப்பாங்க, ஜனங்க தரையிலயோ குட்டை ஸ்டூல்லயோ உக்காந்திருப்பாங்க. எரேமியாவின் புலம்பலை ஒருத்தர் தணிஞ்ச குரல்ல வாசிப்பாரு, அந்த மெட்டு ஒவ்வொரு அடியிலயும் கீழ கீழ இறங்கிட்டு, முடிஞ்சும் முடியாத மாதிரி தொங்கும்.

யோம் கிப்பூர் அப்படி இல்ல, அது கோர்ட்டு. ஆனா விடுதலை கிடைச்சுடும்னு தெரிஞ்ச கோர்ட்டு. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவுல, தானித்துங்கிற பகுதியில, இஸ்ரவேலுக்கு ஆவ் மாசம் 15-ம் தேதியையும் யோம் கிப்பூரையும் போல சந்தோஷமான நாள் வேற இல்லன்னே எழுதியிருக்கு. மன்னிப்பு கிடைக்கிற நாள், அதான் வெள்ளை டிரஸ். பாவ அறிக்கையை மரபுப்படி அன்னிக்கு 10 தடவை சொல்லணும், கூட்டமா சேந்து சொல்ற இடத்துலதான் அந்தத் துள்ளல் மெட்டு வருது. சந்தோஷமா கும்பிடணும்னு சொல்ற ஹஸிதியங்கிற பக்தி இயக்கத்து மரபுல இதுக்கு ஒரு கதை சொல்வாங்க: ராஜாவோட முற்றத்துல சாக்கடை அள்ளுற வேலைக்காரன் பாட்டு பாடிக்கிட்டே அள்ளுறான், ஏன்னா இடம் சுத்தமானா ராஜாவுக்கு சந்தோஷம், அந்த நினைப்புல அள்ளுறது சேறுங்கிறதே அவனுக்குத் தெரியல. அகரவரிசையில 22 எழுத்துக்கும் பாவம் சொல்லி, நடுவுல "அய் யய் யய்" போடுறது அந்த மனநிலை. திஷா பாவ் மெட்டுல அதே வாசகத்தைப் பாடிப் பாத்தா அது வெறும் ஒப்பாரி ஆயிடும், மன்னிப்பு கிடைக்கும்ங்கிற நம்பிக்கை அதுல இருந்து போயிடும்.

கோல் நித்ரே: வாசகம் ஒண்ணு சொல்ல, மெட்டு வேற சொல்ல

மெட்டுக்கும் சொல்லுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் இருக்க முடியும்னு பாக்கணுமா, யோம் கிப்பூர் ஆரம்பிக்கிற சாயங்காலம் பாடுற கோல் நித்ரேயைப் பாக்கணும். அது ஜெபமே கிடையாது. அராமிக்ல எழுதின ஒரு சட்டப் பத்திரம், "நாங்க கடவுள்கிட்ட செய்யுற நேர்த்தி, சபதம், பிரதிக்ஞை எல்லாம் செல்லாம போகட்டும்"ங்கிற அர்த்தத்துல, வக்கீல் நோட்டீஸ் மாதிரி அடுக்கிக்கிட்டே போகும். 12-ம் நூற்றாண்டுல ரப்பேனு தாம்ங்கிற பிரெஞ்சு யூதச் சட்ட அறிஞர் அதை இறந்த காலத்துல இருந்து வரப்போற வருஷத்துக்கு மாத்தினதும் சட்டக் காரணத்துக்காகத்தான்.

ஆனா நடக்குற காட்சி: சூரியன் மறையுறதுக்குள்ள, தோரா சுருள்களை வெளிய எடுத்து கையில வச்சுக்கிட்டு ஆளுங்க நிப்பாங்க, ஹஸானுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பேர், சின்ன நீதிமன்றம் மாதிரி. காலை ஜெபத்துக்கு மட்டும் போடுற துண்டை அன்னிக்கு ராத்திரியில போத்தியிருப்பாங்க. ஹஸான் மூணு தடவை பாடுவாரு. இதை எப்படிப் பாடணும்னு மஹ்ஸோர் விட்ரிங்கிற பழைய பிரெஞ்சு யூத ஜெபத் தொகுப்பே சொல்லுது: முதல் தடவை ரொம்ப மெல்ல, ராஜா அரண்மனைக்குள்ள ஏதோ கேக்கப் போறவன் பயந்து பயந்து நுழையுற மாதிரி, ரெண்டாவது கொஞ்சம் சத்தமா, மூணாவது அரண்மனைக்குப் பழகினவன் மாதிரி இன்னும் சத்தமா. மெட்டு ஒரு பெருமூச்சு மாதிரி இறங்கி ஆரம்பிக்கும், அப்புறம் ஏறும். வாசகம் பத்திரம்தான், அழுறவங்க அழுதுக்கிட்டுத்தான் இருப்பாங்க.

இதோட விளைவு வரலாற்றுலயே தெரியும். "யூதன் சத்தியத்தை நம்ப முடியாது, வருஷா வருஷம் ரத்து பண்ணிடுறான்"னு எதிரிங்க இந்த வாசகத்தைக் காட்டிப் பேசினதால (அதுல சொல்றது மனுஷனுக்கும் கடவுளுக்கும் நடுவுல உள்ள சபதம் மட்டும்தான்), 1844-ல ஜெர்மனியில பிரவுன்ஷ்வைக்ல கூடின சீர்திருத்த ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், இதை விட்டுடலாம்னு பரிந்துரை பண்ணாங்க. வாசகத்தைத் தூக்கின சபைகள் சில மெட்டை மட்டும் தூக்கல, அதே மெட்டுல சங்கீதம் 130 மாதிரி வேற வரிகளைப் போட்டுப் பாடினாங்க. மாக்ஸ் ப்ரூக் ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர், பெர்லின் ஹஸான் லிக்டென்ஸ்டைன் மூலமா இந்த மெட்டு தெரிய வந்து 1880-ல செல்லோவுக்கு எழுதினாரு. அதுல வார்த்தையே இல்ல, ஆனாலும் கேக்குறவங்களுக்கு அது கோல் நித்ரேதான்.

ஒரு நாளுக்குள்ள இன்னொரு நாளை நுழைக்கிறது

எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். வேதவாசிப்புக்கு வரிகளுக்கு மேலயும் கீழயும் சின்னச் சின்ன குறிகள் இருக்கு, எப்படி ராகமா வாசிக்கணும்னு காட்ட. அஷ்கெனாசி மரபுல அதே குறிகளுக்கு 6 மெட்டு: சாதாரண தோரா, தீர்க்கதரிசிகள், புத்தாண்டும் யோம் கிப்பூரும், எஸ்தர், புலம்பல், அப்புறம் உன்னதப்பாட்டு, ரூத், பிரசங்கி மூணுக்கும் சேத்து ஒண்ணு. ஆறு மெட்டும் காதுல இருக்குறதால ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவி அர்த்தம் சொல்ல முடியுது:

1. பூரிம், எஸ்தர் ராணி யூதர்களைக் காப்பாத்தின கதையைக் கொண்டாடுற கூத்தும் கும்மாளமுமான நாள், கதையோட வில்லன் ஆமான் பேர் வந்தா கிலுகிலுப்பையை ஆட்டி சத்தம் போடுவாங்க. எஸ்தர் புஸ்தகத்தை ஜாலியா வாசிச்சுட்டு வர்றப்போ 2-ம் அதிகாரம் 6-ம் வசனத்துல "எருசலேமில் இருந்து சிறைப்பட்டுப் போன"ன்னு வரும், அந்த இடத்துல மட்டும் வாசிக்கிறவர் புலம்பல் மெட்டுக்கு இறங்கிடுவாரு. அதே மாதிரி முதல் அதிகாரத்துல ராஜாவோட விருந்துல விதவிதமான பாத்திரம்னு வர்ற இடத்துலயும். அந்தப் பாத்திரங்கள் ஆலயத்துல இருந்து கொள்ளையடிச்சவைன்னு மித்ராஷ், அதாவது வேதத்துக்கான பழைய விளக்கக் கதைத் தொகுப்பு, சொல்லுது. வாசகத்துல அந்த விஷயமே இல்ல பாருங்க, மெட்டு மட்டும்தான் சொல்லிக் குடுக்குது.

2. திஷா பாவுக்கு முந்தின ஓய்வுநாள் உபாகமம் 1:12, "நான் ஒருவனாய் எப்படித் தாங்குவேன்"னு மோசே கேக்குற வசனம். அந்த "எப்படி"யும் புலம்பல் புஸ்தகம் ஆரம்பிக்கிற சொல்லும் ஒண்ணு, எய்கா. அதனால அந்த ஒரு வசனம் புலம்பல் மெட்டுல. பல ஊர்ல முந்தின ராத்திரி, ஓய்வுநாளை மணப்பெண்ணா வரவேற்கிற பாட்டையே சீயோனுக்கான (எருசலேமோட இன்னொரு பேர்) ஒப்பாரி மெட்டுல பாடுவாங்க.

3. விளக்குப் பண்டிகை ஹனுக்கா வாரத்துல, அந்தப் பண்டிகைக்குன்னே உள்ள மாஓஸ் த்ஸூர் பாட்டோட மெட்டு மத்த துதிகளுக்குள்ளயும் வந்துடும். அந்த மெட்டுலயே ஜெர்மன் நாட்டுப்பாட்டு, லூதரன் பாட்டு சாயல் உண்டுங்கிறது தனிக் கதை.

4. தோரா வாசிப்பை ஒரு சுத்து முடிச்சு மறுபடி ஆரம்பிக்கிற கொண்டாட்டமான சிம்ஹாத் தோரா அன்னிக்கு, பழைய ஜெர்மன் யூத சபைகள்ல "வருஷக் காடிஷ்"னு ஒண்ணு: ஒரே காடிஷுக்குள்ள வருஷத்துல உள்ள எல்லாப் பண்டிகை மெட்டும் வரிசையா வரும், வரிக்கு ஒரு பண்டிகை. கேக்குற கூட்டம் ஒவ்வொண்ணையும் கண்டுபிடிச்சு சிரிக்கும்.

சிரியா யூதர்கள் வழி வேற

அலெப்போ மரபுல, இப்ப புரூக்ளின்ல நிறைய இருக்காங்க, நம்ம ராகம் மாதிரி இருக்குற அரபு மகாம்களை வச்சு ஏற்பாடு. ஒவ்வொரு ஓய்வுநாளுக்கும் அந்த வார தோரா பகுதியோட கதையைப் பாத்து மகாம் போடுவாங்க: விருத்தசேதனம் வந்தா ஸபா, சாவு துக்கம்னா ஹிஜாஸ், கல்யாணம் கொண்டாட்டம்னா அஜம், புதுப் புஸ்தகம் ஆரம்பிச்சா பெரும்பாலும் ராஸ்த். ஸபா நம்ம காதுக்கு அழுகையா கேக்கும், அவங்களுக்கு அது குழந்தையோட உடன்படிக்கை. மேல சொன்ன அதே பாடம்தான் இங்கயும், பழக்கம்தான் உணர்ச்சியைக் குடுக்குது.

அப்ப மெட்டை மாத்தினா என்ன ஆகும்?

சட்டமே இருக்கு. ரைன் நதிப் பக்கம் இருந்த மஹாரில், மைன்ஸ் ஊர் ரபி, 1427-ல இறந்தவர், ஊர் மெட்டை மாத்தக் கூடாதுன்னு கறாரா இருந்தாரு. அவரைப் பத்தியே ஒரு கதை சட்டப் புஸ்தகங்கள்ல இருக்கு: ரேகன்ஸ்பர்க்ல யோம் கிப்பூர் ஜெபம் நடத்துறப்போ, இது எங்க வழக்கம் இல்லன்னு ஊர்க்காரங்க சொல்லியும் கேக்காம ஒரு பாட்டைச் சேத்துப் பாடினாரு, அந்த யோம் கிப்பூர்லயே அவரோட மகள் இறந்து போனா, ஊர் வழக்கத்தை மாத்தினதுக்குத் தண்டனைன்னு அவரே ஏத்துக்கிட்டாரு. அவர் காத்த மெட்டுகளை "சினாய் மலையில இருந்து வந்த மெட்டுகள்"னு சொல்றாங்க. உண்மையில அதெல்லாம் ரைன் பகுதியில இடைக்காலத்துல உருவானதுதான், பேருல இருக்குறது மரியாதை.

இன்னிக்கும் தகராறு இதே மாதிரிதான் வருது. இளைஞர்கள் நல்லா சேந்து பாடுற, ஷ்லோமோ கார்லபாக்ங்கிற பாடகர் ரபி பிரபலமாக்கின பாணி மெட்டுகளைப் பண்டிகை ஜெபத்துல போடலாம்பாங்க, பெரியவங்க "ஊர் சேந்து பாடுறது சரி, ஆனா வருஷம் பூரா ஒரே மெட்டுன்னா இது என்ன நாள்னே தெரியாமப் போயிடும்"பாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, ஆனா காடிஷ் விஷயத்தை யோசிச்சா பெரியவங்க பயத்தை லேசா எடுத்துக்க முடியல.

அதே சமயம் புது மெட்டு வேர் பிடிச்சதும் உண்டு. 1973 யோம் கிப்பூர் போர்ல இஸ்ரேல்ல பெய்த் ஹஷிதாங்கிற கிபுத்ஸ், அதாவது கூட்டுப் பண்ணைக் கிராமம், 11 பேரைப் பறிகுடுத்துச்சு. மதச்சார்பில்லாத ஊர், யோம் கிப்பூர் வந்தா ஜெபம் கிடையாது, துக்கம் மட்டும் உண்டு. ராணுவக் கலைக்குழுக்களுக்குப் பாட்டு போட்டுப் பேர் வாங்கின யாயிர் ரோசன்பிளூம் 1990-ல அந்த ஊருக்காக, "யார் வாழ்வார், யார் சாவார், யார் தண்ணியால, யார் நெருப்பால"ன்னு கேக்குற உனெதானே தோகெஃப் ஜெபத்துக்குப் புதுசா மெட்டு போட்டாரு. பல நூற்றாண்டு பழைய வாசகம், அதுல ஒரு எழுத்தை மாத்தல. யோம் கிப்பூர் சாயங்காலம் கிபுத்ஸ் கூட்டத்துல ஹனோக் அல்பலக் அதைப் பாடினப்போ கேட்டவங்களுக்கு அந்த "யார்"க்கு பதினோரு பதில் முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு. இப்ப இஸ்ரேல்ல மரபுவாத ஜெபக்கூடங்கள்லயும் சில ஹஸான்கள் அந்த இடம் வந்தா இந்த மெட்டைத்தான் எடுக்குறாங்க.